போர் நடக்கும் பகுதிக்கு மருத்துவத் தொண்டுக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

போர் நடக்கும் நாட்டுக்குப் போய் மருத்துவத் தொண்டு செய்ய விரும்புகிறேன் என்று சொல்லி வரும் இளம் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அங்கே ஆளில்லாமல் நிற்கும் வேலை எது, அந்த வேலையை உங்கள் ஊர் மருத்துவமனையின் வசதிகளில் பாதிகூட இல்லாத இடத்தில் உங்களால் செய்ய முடியுமா? துணிவைப் பற்றி நான் கேட்பதில்லை. இந்த எண்ணத்தோடு வருகிற எல்லோரிடமும் அது இருக்கிறது.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஆணையிட்டதும் ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. அதன் பிறகு 2009 மே மாதம் வரை, பள்ளிக்கூடங்களை மருத்துவமனைகளாக்கி, மருந்தும் இரத்தமும் தீர்ந்துபோன நாள்களிலும் காயம்பட்டோரைப் பார்த்தவர்கள் அங்கேயே தங்கிவிட்ட அரசு மருத்துவர்களும் செவிலியர்களும் உதவியாளர்களுமே. பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை கடல்வழியே காயம்பட்டோர், நோயாளிகள், அவர்களுடைய உறவினர் எனச் சுமார் 14,000 பேரை வெளியே கொண்டுவந்தது. கப்பல் ஏறும் வரை அவர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் உள்ளூர்ப் பணியாளர்கள். வெளியிலிருந்து செல்லும் தன்னார்வலரின் இடம் எது என்பதை நான் இந்த வரலாற்றிலிருந்தே கற்றுக்கொண்டேன். அவர் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புவார், நிலைமை முற்றினால் அதற்கு முன்பே வெளியேற்றப்படுவார். தங்கிவிடுகிறவர்கள் அந்த மண்ணின் மக்கள். ஆகவே நான் கீழே எழுதுவதெல்லாம், அவர்களுடைய கையை வலுப்படுத்தும் விதத்தில் போவதும் வேலை செய்வதும் திரும்புவதும் எப்படி என்பதைப் பற்றியதே.

கையில் இருக்க வேண்டிய தொழில்

மருத்துவ மாணவர்களும், பயிற்சி மருத்துவர்களும், படிப்பை அண்மையில் முடித்த செவிலியர்களும் இப்போதைக்குப் போக வேண்டாம். பெரிய அமைப்புகள் பெரும்பாலும் தகுதி பெற்ற பிறகு குறைந்தது 2 ஆண்டுப் பணி அனுபவத்தைக் கேட்கின்றன. சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கமாட்டார் என்பதே அதன் காரணம். கற்றுக்கொள்வதற்காக அங்கே போகிறவர், ஏற்கெனவே களைத்திருக்கும் உள்ளூர் மருத்துவருக்கு இன்னொரு சுமையாகி விடுவார்.

அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவைக்கூடச் செவிலியர், மகப்பேறு மருத்துவர், பிரசவச் செவிலியர், குழந்தை மருத்துவர், அவசர சிகிச்சை மருத்துவர், ஆய்வக நுட்பர், மருந்தாளுநர், உளநல ஆலோசகர், இயன்முறை மருத்துவர் ஆகிய எல்லோருக்கும் அங்கே வேலை உண்டு. இவர்களில் மயக்க மருந்து நிபுணரின் பற்றாக்குறைதான் பல இடங்களில் அறுவை சிகிச்சையையே நிறுத்திவிடுகிறது. அறுவை மருத்துவரைப் பொறுத்தவரை, ஒரே உறுப்பில் தேர்ந்தவரைவிட, வயிற்றைத் திறக்கவும், சிசேரியன் செய்யவும், முறிந்த எலும்பை வெளிப்புறக் கம்பிச் சட்டத்தால் நிலைநிறுத்தவும், கைகால் துண்டிப்பை முறையாகச் செய்யவும், தீக்காயத்துக்குத் தோல் ஒட்டவும் தெரிந்த பொது அறுவை மருத்துவரே அதிகம் பயன்படுவார். இந்தத் திறன்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவர், சாலை விபத்தும் பாம்புக்கடியும் தடைப்பட்ட பிரசவமும் ஒரே இரவில் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தவர். அந்தப் பழக்கத்துக்கு ஈடான பயிற்சி குறைவு. விண்ணப்பிப்பதற்கு முன் ஆறு மாதமாவது விபத்துப் பிரிவிலும் பிரசவ அறையிலும் தீக்காயப் பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுங்கள்.

போர்ப் பகுதியின் மருத்துவம் முழுவதும் குண்டுக்காயம் என்று எண்ணிச் செல்பவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப் போகிறார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் உடைந்த இடத்தில் வயிற்றுப்போக்கு வருகிறது. தடுப்பூசி நின்ற இடத்தில் தட்டம்மை வருகிறது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் கிடைப்பதில்லை. சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் நின்று போகிறது. குழந்தைகள் போரைப் பார்த்துப் பிறப்பதில்லை. ஏமனில் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் காலரா என்று ஐயுறப்பட்டோரின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. காசாவில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் ஒரு குழந்தைக்குப் போலியோ உறுதியானது.

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்தின் போன்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து பொட்டலம் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளில் கரைத்து, நோயாளியின் உறவினர்களே கோப்பையில் முகந்து ஊட்டும்படி செய்தார். 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்த விகிதம் 4க்கும் கீழே இறங்கியது. போர்ப் பகுதிக்குப் போகிறவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய மருத்துவர் என்று எனக்கு முதலில் தோன்றுகிறவர் இவரே. ஆகவே அறுவைக் கத்தியோடு, குடிநீர்க் கணக்கையும் கற்றுக்கொண்டு செல்லுங்கள்: நிவாரணப் பணிக்கான ஸ்பியர் நெறிமுறைகள் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீரும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும் என்கின்றன. முகாமைச் சுற்றி நடந்து இந்த இரண்டையும் எண்ணிப் பார்த்தாலே அடுத்த மாதம் உங்கள் வார்டில் என்ன நோய் இருக்கும் என்பதைச் சொல்லிவிடலாம்.

எந்த அமைப்பின் வழியாகச் செல்வது

தனியாகப் போகாதீர்கள். விசா வாங்கிக்கொண்டு, பையில் மருந்துகளை நிரப்பிக்கொண்டு எல்லையில் போய் இறங்குகிறவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார், அவர் தவறு செய்தால் யார் பொறுப்பு, அவர் காயப்பட்டால் யார் தூக்கி வருவார் என்ற எந்தக் கேள்விக்கும் விடை இருக்காது. எம்.எஸ்.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும், 1971இல் பிரான்சில் தொடங்கப்பட்ட எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், 1863இல் தோன்றிய பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கமும் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. இரண்டுக்கும் புதுதில்லியில் அலுவலகம் உண்டு. இவை தவிர, உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று பெற்ற அவசர மருத்துவக் குழுக்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. அறுவை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் சில வாரங்களுக்கே போய்வர முடியும். மற்றவர்களிடம் பல மாதங்களைக் கேட்பார்கள். தன்னார்வலர் என்ற பெயர் இருந்தாலும் மாதம் ஒரு தொகையும், தங்குமிடமும், காப்பீடும் பெரும்பாலும் உண்டு. வீட்டுக் கடனும் பெற்றோரும் இருப்பவர்கள் அந்தத் தொகையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேர்வு நேரத்தில் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பது போல நீங்களும் அவர்களைக் கேட்க வேண்டும். வெளியேறும் முடிவை எடுப்பவர் யார்? நான் போக மறுத்தால் அது ஏற்கப்படுமா? காயப்பட்டால் எந்த வழியாக, எந்த நாட்டின் மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? அதே காயம் உள்ளூர்ப் பணியாளருக்கு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து அந்த அமைப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம். பதில் சொல்லத் தயங்குகிற அமைப்போடு போக வேண்டாம்.

வேலைவாய்ப்பு முகவர் வழியாகப் போவதையும் தொண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கி, ஜூலை மாதம் கொச்சிக்குத் திரும்பிய 46 இந்தியச் செவிலியர்கள் பிழைப்புக்காகச் சென்றவர்கள். போர் அவர்கள் இருந்த ஊருக்கு வந்தபோது அவர்களை வெளியேற்றும் திட்டம் எதுவும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

தாள்கள், தடுப்பூசி, வீட்டுப் பேச்சு

மாநில மருத்துவ மன்றத்திலோ செவிலியர் மன்றத்திலோ உங்கள் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அங்கிருந்து நற்சான்று பெற்று, பட்டச் சான்றிதழ்களுக்கு வெளிநாடுகளில் ஏற்கப்படும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தடையின்மைச் சான்றும் ஊதியமில்லா விடுப்பும் வேண்டும். இந்தக் கோப்பு நகர மாதங்கள் ஆகும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள். செல்லும் நாட்டைப் பற்றி இந்திய அரசின் தற்போதைய ஆணை என்ன என்பதையும் பாருங்கள். 2017இல் இந்தியக் கடவுச்சீட்டில் ஏமனுக்குப் பயணம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆணை இருக்கும்போது நல்ல நோக்கம் குடியேற்ற அதிகாரியின் மேசையில் செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பல ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கட்டாயம். போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ், டைஃபாய்டு, மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி, போலியோ ஆகியவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டிருந்தால் மட்டும் போதாது, உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று இரத்தம் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். உயில் எழுதுங்கள், வங்கிக் கணக்குக்கு வாரிசைப் பதியுங்கள், உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் போர் தொடர்பான இறப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று வாசியுங்கள். புறப்படும் முன் அமைப்பு உங்களிடம், உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த சில கேள்விகளை எழுதி உறையிலிட்டுத் தரச் சொல்லும். நீங்கள் கடத்தப்பட்டால், உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்ய அந்தக் கேள்விகள் பயன்படும். சிறுவயதில் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயர், பாட்டி கதவுச் சாவியை ஒளித்து வைக்கும் இடம் போன்ற, இணையத்தில் எங்கும் இல்லாத விடையுள்ள கேள்விகளை எழுதுங்கள். அதை எழுதும்போது கை நடுங்கினால் அது இயல்பே. அந்த நடுக்கம் நிற்காவிட்டால், போகவில்லை என்று அப்போதே சொல்லிவிடலாம். எந்த நல்ல அமைப்பும் அதைக் குறையாகக் கொள்ளாது.

சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை

1859இல் இத்தாலியின் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டோரைக் கண்ட ஹென்றி டூனான்ட் தொடங்கிவைத்த முயற்சியே 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கையானது. 1949ஆம் ஆண்டின் நான்கு உடன்படிக்கைகளும் 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளும் இன்றைய சட்டத்தின் அடிப்படை. அவற்றிலிருந்து நீங்கள் நெஞ்சில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் ஒன்றே தீர்மானிக்க வேண்டும்; மருத்துவ அறத்துக்கு இசைய ஒருவருக்குச் சிகிச்சை அளித்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. எதிரித் தரப்புப் போர்வீரர் உங்கள் மேசையில் கிடக்கும்போது, வாசலில் கூடியிருக்கும் கூட்டம் முதலாவது விதியை ஒப்புக்கொள்ளாது. அப்போது நீங்கள் குரலை உயர்த்தாமல், விதியைச் சொல்லி, வேலையைத் தொடர வேண்டும். மருத்துவமனைக்குள் ஆயுதம் வரக் கூடாது என்ற விதியையும் வாசலிலேயே காக்க வேண்டும்; வந்தவரின் சட்டைப் பையையும் இடுப்பையும் சோதிப்பது, மறந்துபோன கையெறிகுண்டு அறுவைக்கூடத்துக்குள் வராமலிருக்கவும் உதவும்.

செஞ்சிலுவை, செம்பிறை, 2005இல் சேர்க்கப்பட்ட செம்படிகம் ஆகிய சின்னங்களை நினைத்தவர் நினைத்த இடத்தில் அணிய முடியாது. அவை அனுமதி பெற்ற மருத்துவப் பணிக்கு மட்டுமே உரியவை. இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அனுமதியற்ற பயன்பாட்டைத் தடை செய்கிறது. நம் ஊரில் மருத்துவர்களின் கார்க் கண்ணாடியிலும் மருந்துக்கடைப் பலகையிலும் அந்தச் சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கண்டவர் கையிலும் புழங்கும் சின்னத்துக்குக் குண்டுகளுக்கு நடுவே மதிப்பு எங்கிருந்து வரும்?

சின்னமும் சட்டமும் இருந்தும் மருத்துவமனைகள் தாக்கப்படுகின்றன. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எம்.எஸ்.எஃப். மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியதில் நோயாளிகளும் பணியாளர்களும் உடனிருந்தோருமாக 42 பேர் இறந்தார்கள். அந்த மருத்துவமனையின் இருப்பிடக் குறிப்பு போரிடும் தரப்புகளுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் மருத்துவப் பணியைக் காக்க 2286ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்குப் பிறகும், 2025 மார்ச் 23 அன்று காசாவின் ரஃபாவில் ஐ.நா. ஊழியர் ஒருவர் உட்பட 15 மருத்துவ, மீட்புப் பணியாளர்கள் இஸ்ரேலியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். இதை அறிந்துகொண்டுதான் கையெழுத்திட வேண்டும். இருப்பிடக் குறிப்பைக் கொடுத்துவிட்டோம், வண்டியில் சின்னம் இருக்கிறது, ஆகவே பத்திரமாக இருக்கிறோம் என்று எந்தக் கூட்டத்தில் யார் சொன்னாலும், பதுங்கும் அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

காயத்தின் முன் நிற்கும்போது

இங்கே நான் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் நகர மருத்துவமனைப் பழக்கம் அங்கே தீங்காக மாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் இரத்தப்போக்கு. மூச்சுப்பாதையைப் பார்ப்பதற்கும் முன்னால், கையிலோ காலிலோ பீறிடும் இரத்தத்தை நிறுத்த வேண்டும். டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், இரத்தம் நிற்கும் வரை முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுத வேண்டும். உக்ரைன் போர் இதில் கசப்பான பாடம் ஒன்றைக் கற்பித்திருக்கிறது: ட்ரோன்களுக்கு அஞ்சி வெளியேற்றம் பல மணி நேரம் தாமதமாகும்போது, தேவையில்லாமல் கட்டப்பட்ட பட்டையும், தேவைப்பட்டுக் கட்டிப் பின் யாரும் திரும்பிப் பார்க்காத பட்டையும் காப்பாற்றியிருக்கக்கூடிய கைகால்களைப் பறித்தன. ஆகவே 2 மணி நேரத்துக்குள் அதை அழுத்தக் கட்டாக மாற்ற முடியுமா என்று பார்ப்பது உங்கள் கடமை. 6 மணி நேரம் கடந்த பட்டையை அறுவைக்கூடத்துக்கு வெளியே அவிழ்க்கக் கூடாது.

டிரானெக்சாமிக் அமிலம் விலை குறைந்த மருந்து. இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, இரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பை அது குறைக்கிறது என்று காட்டியது. பெரியவர்களுக்கு 1 கிராமை 10 நிமிடத்திலும், மேலும் 1 கிராமை 8 மணி நேரத்திலும் ஏற்றுவது வழக்கம். காயம்பட்டு 3 மணி நேரம் கடந்துவிட்டால் கொடுக்காதீர்கள், அப்போது அது கேடு செய்யலாம். காயம்பட்ட நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியமாகிறது. மொழிபெயர்ப்பாளரிடமிருந்து முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம், “எப்போது அடிபட்டது?” என்பதே.

அடுத்தது, காயத்தைத் தைக்காமல் விடுவது. குண்டும் எறிகணைச் சிதறலும் தோலில் விடும் துளை சிறியது. உள்ளே துணியும் மண்ணும் புகுந்திருக்கும், தசை அகலமாகச் செத்திருக்கும். நிறம், உறுதி, கிள்ளினால் சுருங்கும் தன்மை, வெட்டினால் கசியும் இரத்தம் ஆகிய நான்கையும் பார்த்து, செத்த தசையை வெட்டி எடுத்து, நன்றாகக் கழுவி, பருத்த உலர்ந்த கட்டுப் போட்டு, திறந்தே விட வேண்டும். 4 அல்லது 5 நாள் கழித்து அறுவைக்கூடத்திலேயே கட்டைப் பிரித்து, சுத்தமாக இருந்தால் அப்போது தைக்க வேண்டும். முகமும் தலைத்தோலும் போன்ற சில இடங்கள் மட்டுமே விலக்கு. டெட்டனஸ் ஊசியை மறக்கக் கூடாது.

இந்த விதியை நான் படித்துவிட்டுத்தான் போனேன். இருந்தும் முதல் வாரத்தில் ஒரு சிறுவனின் முன்கைக் காயம் மிகச் சுத்தமாகத் தெரிந்ததால் தைத்துவிட்டேன். அறுவைக்கூட உதவியாளர், ஏழெட்டு ஆண்டுகளாக அந்த மேசையருகே நின்றவர், “டாக்டர், இதைத் திறந்தே விடுவோமே” என்று தணிந்த குரலில் சொன்னார். நான் கேட்கவில்லை. நான்காம் நாள் தையலைப் பிரித்தபோது சீழ் வடிந்தது. மேலும் இரண்டு அறுவைகளுக்குப் பிறகே அந்தக் கை தேறியது. அந்த உதவியாளர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காயத்தின் முன்னும் நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே ஊசியை எடுத்தேன்.

மயக்கத்துக்குக் கீட்டமின் பெரும் துணை. நோயாளி தானாக மூச்சு விடுவார், இரத்த அழுத்தம் பெரும்பாலும் சரியாது, ஆக்சிஜன் சிலிண்டர் அரிதான இடத்திலும் வேலையை முடிக்கலாம். அதை நீங்கள் பல மாதங்களாகத் தொடாதவராயிருந்தால் புறப்படும் முன் ஒரு மயக்க மருந்து நிபுணரோடு இருந்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். இரத்த வங்கி இல்லாத இடத்தில் உறவினரும் பணியாளருமே கொடையாளர்கள், எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் ஆகிய சோதனைகளை விரைவுப் பட்டைகளில் பார்த்து, புதிய முழு இரத்தமாகவே ஏற்றுவார்கள். உங்கள் இரத்த வகையை முதல் நாளே ஆய்வகப் பட்டியலில் எழுதிக் கொடுங்கள்.

ஒரே நேரத்தில் நாற்பது பேர் வரும் நாள் நிச்சயம் வரும். அன்று வாசலில் நின்று தரம்பிரிக்கும் ஒருவர் வேறு எந்தச் சிகிச்சையிலும் கை வைக்கக் கூடாது. அவர் ஒரு காயத்தில் குனிந்துவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரையும் பார்க்க ஆளில்லை. உடனே அறுவை செய்தால் பிழைக்கக்கூடியவர், சில மணி நேரம் காத்திருக்கக்கூடியவர், சிறுகாயக்காரர், எது செய்தாலும் பிழைக்க வாய்ப்பில்லாதவர் என நான்கு பிரிவு. நான்காம் பிரிவில் வைக்கப்படுகிறவர் கைவிடப்பட்டவராகக் கூடாது. அவருக்கு அமைதியான இடமும், போதுமான வலிமருந்தும், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் தரப்பட வேண்டும். மற்றவர்கள் தீர்ந்தபின் திரும்ப வந்து அவரை மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனெனில் முதல் கணிப்பு தவறுவதுண்டு. இந்தப் பிரிவுக்கு ஒரு குழந்தையை அனுப்ப நேரும்போது கணக்கு மாறிவிடுகிறது, எல்லோரும் அந்தக் குழந்தையிடம் ஓடுகிறார்கள். இதை முன்கூட்டிப் பேசி, ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் மருத்துவமனையில்தான் அன்றைய இரவு அதிகம் பேர் பிழைக்கிறார்கள்.

வேதித் தாக்குதலுக்கும் ஒரு சொல். 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூட்டா பகுதியில் சில மணி நேரத்துக்குள் சுமார் 3,600 பேர் நரம்புநஞ்சின் அறிகுறிகளோடு மூன்று மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். காயமில்லாமல், கண்மணி சுருங்கி, வாயில் நுரை தள்ளி, மூச்சுத்திணறிப் பலர் ஒன்றாக வந்தால் கட்டடத்துக்குள் விடாதீர்கள். வெளியிலேயே ஆடையைக் கழற்றித் தண்ணீரால் கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த நோயாளி நீங்களாக இருப்பீர்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபினை நிறைய கையிருப்பில் வைத்திருங்கள். பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுச் செவிலியருக்கு இந்த அறிகுறிகளும் மருந்தும் புதியவை அல்ல.

உங்களைக் காத்துக்கொள்வது

கனடாவின் அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் 1939இல் சீனாவில் போர்முனையருகே அறுவை செய்தபோது விரலில் ஏற்பட்ட வெட்டு சீழ்பிடித்து, இரத்தம் நஞ்சாகி இறந்தார். கையுறை கிழிந்தால் நிறுத்தி மாற்றுங்கள். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை முதல் நாள் கேட்டு வையுங்கள்.

குண்டு விழுந்த இடத்துக்கு ஓடிப்போகாதீர்கள். மீட்பவர்கள் கூடும்போது அதே இடத்தை மறுபடி தாக்குவது சிரியாவிலும் உக்ரைனிலும் பலமுறை நடந்திருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் போகச் சொல்லும் வரை காத்திருப்பது கொடுமையான காத்திருப்பு, ஆயினும் காத்திருங்கள். தரையில் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் தொடாதீர்கள், தார்ச்சாலையை விட்டு இறங்கி நடக்காதீர்கள். பச்சை நிற, படைவீரர் உடை போன்ற ஆடை எதையும் கொண்டுபோகக் கூடாது. கடவுச்சீட்டு, சிறு தொகை நோட்டுகள், தண்ணீர், மாற்றுக் கண்ணாடி, ஒரு மாதத்துக்கு உங்கள் சொந்த மருந்து, தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை அடங்கிய சிறு பையைக் கதவருகே எப்போதும் வைத்திருங்கள். அந்த விளக்கு மின்சாரம் போன இரவில் அறுவைக்கும் உதவும். ஊரிலிருந்து மருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். சுங்கத்தில் சிக்கும், வலிமருந்துகளாக இருந்தால் வழக்காகவும் மாறும்.

அலைபேசியில் மருத்துவமனையின் படம், நோயாளியின் முகம், படைகள் நகரும் செய்தி எதையும் பதிவிடக் கூடாது. போரில் எந்தப் பக்கம் நியாயம் என்ற உங்கள் கருத்து உங்களுக்கு இருக்கட்டும். அதை வெளியிட்டால் சோதனைச் சாவடியில் உங்களோடு வண்டியில் இருக்கும் உள்ளூர் ஓட்டுநரே முதலில் விலை கொடுப்பார்.

அங்கே இருப்பவர்களோடு

1938இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற ஐந்து மருத்துவர்களில் ஒருவரான துவாரகாநாத் கோட்னிஸ் சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டார். 1942இல் அங்கேயே இறக்கும்வரை அறுவை செய்தார், மாணவர்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு அத்தனை காலம் இல்லை. வணக்கம், வலிக்கிறதா, மூச்சை இழுங்கள், மன்னியுங்கள் என்பன போன்ற முப்பது சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரின் உறவினர்களும் அங்கே காயம்பட்டுக் கிடக்கலாம் என்பதை நினைவில் வைத்து, ஒருவரின் இறப்பைச் சொல்லும் வேலையை அவர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். மருந்து அலமாரி ஏன் இப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, கட்டுத்துணியை ஏன் கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்கும். அறுவை ஒன்றை நீங்கள் செய்தால் அடுத்ததை உள்ளூர் மருத்துவர் செய்ய நீங்கள் உதவி நில்லுங்கள். வேலை நெருக்கடியில் இது மெதுவாகத் தோன்றும். நீங்கள் வெளியேற்றப்பட்ட மறுநாள் அந்த மேசையருகே நிற்கப் போகிறவர் அவர்தான் என்பதால், இதற்கு எப்படியாவது நேரம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்தீர்கள், எலும்புச் சட்டத்தை எந்த வாரம் கழற்ற வேண்டும், எந்தக் காயம் இன்னும் தைக்கப்படவில்லை என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். வெளியேற ஒரு மணி நேரமே கிடைத்தால் பேசிக் கைமாற்ற அவகாசம் இருக்காது. அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்குப் பதிலாகப் பேசும்.

திரும்பி வந்த பிறகு

தூக்கம் சரியாக வராது. பட்டாசுச் சத்தத்துக்கு உடல் தரையில் குனியும்; திருமண வீட்டுச் சாப்பாட்டு இலையில் மிஞ்சியதைப் பார்த்துக் கோபம் வரும். இவை சில வாரங்களில் தணியலாம். தணியாமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் உளநல மருத்துவரிடம் போங்கள். அமைப்புகள் இதற்கென ஆலோசகரை வைத்திருக்கின்றன, அந்த எண்ணை ஒப்பந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். அடுத்த பயணத்துக்கு ஒப்புக்கொள்வதைச் சில மாதமாவது தள்ளிப்போடுங்கள்.

பள்ளியிலும் சங்கத்திலும் பேசக் கூப்பிடுவார்கள். போங்கள், பேசுங்கள். நோயாளியின் படத்தைக் காட்டாதீர்கள். உங்களோடு வேலை செய்தவர்களின் வேலையைச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஆபத்து வருமென்றால் பெயரையும் ஊரையும் மறைத்துச் சொல்லுங்கள். அங்கிருந்து என்றாவது ஒரு நள்ளிரவில் அலைபேசிக்கு ஓர் எக்ஸ்ரே படமும், இந்த எலும்புச் சட்டத்தை இப்போது கழற்றலாமா என்ற கேள்வியும் வரும். எழுந்து உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அப்போதே பதில் எழுதுங்கள்.